கொம்பு வண்டு என்ற முதல் பாடம்

ஆகஸ்ட் மாதக் கல்கத்தாவில் காகிதத்துக்குச் சத்தம் போய்விடும். கையில் எடுத்தால் ஈரத்துணி மாதிரி தொங்கும். நகத்தை வைத்து அழுத்தி மடித்தாலும் கொஞ்ச நேரத்தில் மடிப்பு தன்னால் வாயைத் திறந்துகொள்ளும். மூக்கருகே கொண்டுபோனால் பசையும் பூஞ்சையும் கலந்த ஒரு வாடை அடிக்கும். எதிர் வீட்டு வங்காளி மாஷிமா நமுத்துப்போன பொரியைப் பார்த்துச் சொல்கிற "மியியே கேச்சே" என்ற சொல்லைத்தான் அந்தக் காகிதத்துக்கும் சொல்வார். என் தங்கை நந்தினி மட்டும் அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். சாயங்கால நிகழ்ச்சிகள் ஓடி ஓடிச் சூடாகியிருக்கும் டி.வி. பெட்டியின் தலையில் காகிதங்களைப் பரப்பி, மேலே என் பூகோளப் புத்தகத்தை வைத்துவிடுவாள். மறுநாள் காலை அவை மொறமொறவென்று இருக்கும். அவளுக்கு அப்போது ஒன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு.

தொண்ணூறுகளின் நடுவில், டாலிகஞ்சில் மெட்ரோவுக்கு ஆட்டோ பிடித்துப் போகிற தூரத்தில், மத்திய அரசு ஊழியர்களுக்கான மூன்று மாடிக் குவார்ட்டர்ஸ் ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்கு அலிப்பூரில் ஆபீஸ். திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்தவர், வந்த நாளிலிருந்து திரும்பிப் போகிற மாற்றலுக்குக் காத்திருந்தார். நந்தினி எதற்கும் காத்திருக்கவில்லை. டிராம் டிக்கெட், மிட்டாய்க் கடைப் பெட்டியின் மூடி, கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு என்று கையில் எது கிடைத்தாலும் சதுரமாகக் கிழித்து மடித்துவிடுவாள். மழைக்குத் தெருவில் தண்ணீர் கட்டினால் எல்லாப் பிள்ளைகளும் "நௌகோ" என்று காகிதப் படகு விடுவார்கள். மற்ற நௌகோக்கள் பான் கடையைத் தாண்டுவதற்குள் குப்புறக் கவிழும், அவளுடையது முனை திரும்பிப் போகும். இதை யாரும் ஒரு திறமையாக நினைத்ததில்லை. அம்மா அதைக் குப்பை என்றுதான் சொன்னாள்.

குப்பை திறமையாவதற்கு எங்கள் குவார்ட்டர்ஸ் தமிழர்களுக்கு ஒரு பெரிய மனிதரின் கையெழுத்து தேவைப்பட்டது. அவர்களைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். எதையும் சும்மா செய்யத் தெரியாத கூட்டம் அது. பிள்ளை பாடினால் எத்தனையாவது கிரேடு, நீந்தினால் என்ன மெடல், வரைந்தால் எந்தப் போட்டி. வங்காளிப் பிள்ளைகள் சாயங்காலம் மைதானத்தில் உருண்டுகொண்டிருக்கும்போது எங்கள் பிள்ளைகள் ஏதாவது ஒரு பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். பூஜை வந்தால் மட்டும் வெளியே எட்டிப் பார்த்து, இந்தப் பாடாவில் நமக்கு என்ன மரியாதை என்று அளந்து பார்ப்பார்கள். வசிக்கும் தெருவையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து அங்கே பாடா என்பார்கள். அந்தப் பாடாவின் ஒரு ஆள் பெயர்கூட இவர்களுக்குச் சரியாகத் தெரியாது, மரியாதை மட்டும் வேண்டும்.

அந்தப் பெரிய மனிதர் ராமசேஷன் மாமா. தஞ்சாவூர்க்காரர், அப்பாவுக்கு ஆபீசில் மேலதிகாரி, எங்கள் பிளாக்கின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். அந்த வருஷம் ஆபீஸ் செலவில் இரண்டு வாரப் பயிற்சிக்கு ஜப்பான் போய்விட்டு வந்தார். போகும்போது சாதாரண மனிதராகப் போனவர், வரும்போது "ஜப்பான்ல" என்று ஆரம்பிக்காமல் தண்ணீர்கூடக் கேட்க முடியாதவராக வந்தார். ஜப்பானில் லிஃப்டில் எப்படி நிற்பார்கள், எப்படி எச்சில் துப்பமாட்டார்கள், எப்படி ரயில் வரும் என்பதையெல்லாம் குழாயடியில் நின்றுகொண்டு, தண்ணீர் வராத நேரத்தில் எங்களுக்குச் சொன்னார். அவர் கொண்டுவந்த பொருள்களில் ஒன்று, சதுரக் காகிதங்கள் அடுக்கிய ஒரு கட்டு. இன்னொன்று, காகித மடிப்புப் புத்தகம், முழுக்க ஜப்பானிய எழுத்து. அதைப் படிக்க அவருக்குத் தெரியாது. அதனால் என்ன, படங்கள் இருந்தன, படத்துக்குப் படம் நம்முடைய ஒன்று, இரண்டு, மூன்று என்று வட்டத்துக்குள் எண் இருந்தது.

புத்தகம் வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, எங்களில் எந்த வீட்டிலும் செய்கிற வேலைதான். பிரவுன் ஷீட் வாங்கி அட்டை போட்டார். வலது மேல் மூலையில் லேபிள் ஒட்டி, தன் பெயரையும் பதவியையும் எழுதினார். பிறகு ஞாயிறு காலை பத்து மணிக்குத் தன் வீட்டில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்பிச் சொன்னார்.

வகுப்புக்குப் பின்னால் ஒரு ஆசை காட்டப்பட்டது. துர்கா பூஜையில் அஷ்டமி சாயங்காலம் எங்கள் குவார்ட்டர்ஸ் பேண்டலில், அதாவது பூஜைப் பந்தலில், பிள்ளைகளுக்கென்று ஒரு மேஜை போடப் பூஜைக் கமிட்டி ஒப்புக்கொண்டிருந்தது. நான்கு நாற்காலி. மாமா தேர்ந்தெடுக்கிற நான்கு பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து எல்லோரும் பார்க்க மடிப்பார்கள், அவர்கள் பெயரை மைக்கில் சொல்வார்கள். பேண்டல் மைக்கில் பெயர் வருவது என்றால் என்ன என்பது அங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். காணாமல் போனால்தான் எங்கள் பெயர் அதில் வரும். நந்தினி அன்று முழுக்கச் சோறு இறங்காமல் திரிந்தாள். "நாலு சேரு அக்கா, நாலு பேர்," என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று என்னிடம் சொன்னாள். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். அவள் வாழ்க்கையில் அதற்கு முன்னால் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

முதல் ஞாயிறு மாமா லேபிள் இருந்த பக்கத்தைத் திறந்து முதல் பாடத்தை எடுத்தார். முதல் பாடம் ஒரு வண்டு. தலையில் கிளை பிரிந்த கொம்பு, ஆறு கால், ஒவ்வொரு காலிலும் ஒரு முட்டி, முதுகில் பிளந்த சிறகு. படங்கள் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தன. ஆறாவது ஏழாவது படத்துக்குள் எங்கள் எல்லோருடைய காகிதமும் கசங்கிப்போயிற்று. மாமாவுடையதும்தான், அதை அவர் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இது ஆரம்பப் பாடம், ரொம்ப சுலபமானது. ஜப்பான்ல மூணு வயசுக் குழந்தை பண்றது. மொதல் பாடமே வரலேன்னா மேல எப்படிப் போவேள்?" என்றார். மூன்று வயது ஜப்பான் குழந்தைக்கு முன்னால் பத்து வயதுத் தமிழ்க் குழந்தைகள் தலையைக் குனிந்துகொண்டோம்.

அதற்கடுத்த வாரங்களில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பைவிட எரிச்சல்தான் வருகிறது. வண்டு எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. அப்பாக்கள் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் வண்டுப் பக்கத்தின் ஜெராக்ஸ் தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இவ்வளவு பாடுபடுகிறவர்கள் ஒருவர்கூட, இதைவிடச் சின்னதாக ஒன்றில் ஆரம்பித்தால் என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் தங்கள் பிள்ளை மக்கு என்று ஒப்புக்கொண்ட மாதிரி. முதல் மாடி கணபதி அங்கிள் ஸ்கேலும் டிவைடரும் வைத்துக்கொண்டு தன் மகன் அரவிந்துக்காகத் தானே ஒரு வண்டு செய்து, கால்களைக் கோந்து போட்டு ஒட்டி, அதை ஞாயிறன்று அரவிந்த் கையில் கொடுத்து அனுப்பினார். மாமா அதை உயர்த்திக் காட்டி, "பார்த்தேளா, முயற்சி இருந்தா வராதா?" என்றார். கோந்து வாசனை என் வரைக்கும் அடித்தது. அவர் மூக்குக்கு மட்டும் எட்டவில்லை.

நந்தினிக்கு உதவ எங்கள் அப்பாவுக்குக் கை வராது. அவளுக்கு உதவியது மாமாவின் மனைவி கல்யாணி மாமி. வார நாளில் பள்ளி விட்டு வந்ததும் இவள் அவர்கள் வீட்டுக் கதவருகே போய் நிற்பாள். மாமி ஒன்றும் கேட்காமல் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுப்பாள். "அவர் ஆறு மணிக்குத்தான் வருவார். இங்கயே உக்காந்து பாரு. கையைத் தொடச்சுண்டு தொடு." இவள் வண்டைப் புரட்டிக்கொண்டு தாண்டிப் போனாள். அதற்கடுத்தது ஒரு டிராகன், அதற்கடுத்தது நண்டு. போகப் போகப் படங்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அங்கே ஒரு சின்னக் கப்பு இருந்தது, ஐந்தாறு படத்தில் முடிந்துபோகிற கப்பு. அதற்கு முந்திய பக்கத்தில் நௌகோ.

அவள் கப்பில் ஆரம்பித்தாள். அங்கிருந்து வண்டை நோக்கிப் பின்னாலேயே வந்தாள். எந்தப் பக்கத்தை அடுத்து எடுப்பது என்பதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. படத்தில் எல்லா மடிப்பும் தெரிந்ததாக இருந்தால் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடுவாள். தெரியாதது நிறைய இருந்தாலும் தள்ளிவிடுவாள். "தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும்க்கா. ரெண்டு இருந்தா எதுல தப்பு வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது," என்றாள். புதிதாக ஒன்றை எடுக்கும்போது செய்தித்தாளைப் பெரிய சதுரமாக வெட்டிக்கொள்வாள். அது வந்துவிட்டால் அதையே நோட்டுத்தாளில், பிறகு டிராம் டிக்கெட்டில். கப்பு செய்தால் அதில் ஊற்றிய தண்ணீர் நிற்க வேண்டும், தவளை செய்தால் அது குதிக்க வேண்டும், குதிக்காவிட்டால் அடுத்த பக்கம் கிடையாது. மூடி போட்ட டப்பா செய்தால் மூடியைப் பிடித்துத் தூக்கும்போது டப்பாவும் கூட வர வேண்டும். பூஜைக்கு முந்திய அந்த மழைக்காலத்தில் அவள் விரல்கள் மாறிப்போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் படத்தைப் பார்த்து மடித்தாள், பிறகு படத்தைப் பார்த்துவிட்டு என்னோடு பேசிக்கொண்டே மடித்தாள்.

எல்லாம் தெரிந்த ஒரு ஞாயிறு, தெரிந்ததைச் சொல்லித் தொலைத்தாள். மாமா வழக்கம்போல் வண்டோடு உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்று, "மாமா, இந்தப் புஸ்தகத்த நாம பின்னாலேர்ந்து படிக்கோம். அது அந்தப் பக்கத்துலேர்ந்துதான் ஆரம்பிக்குது. அங்க கப்பு இருக்கு, அதுதான் மொதல் பாடம்," என்றாள். கிண்டல் இல்லை, குறும்பு இல்லை. தெருவில் தண்ணீர் கட்டியிருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று சொல்கிற குரல். ஜப்பானியப் புத்தகங்கள் பல வலமிருந்து இடமாகத் திறப்பவை என்பது பிற்பாடு எனக்கே தெரிந்தது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. ஜப்பானுக்கே போய் வந்தவர், புத்தகத்தின் பின்னட்டையில் லேபிளை ஒட்டி அதை முன்னட்டையாக்கி வைத்திருந்தார்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசில சுலபமா இருக்கறது எதுக்குத் தெரியுமோ? கஷ்டமானதெல்லாம் பண்ணினவா இளைப்பாறறதுக்கு. உனக்குக் கை வரலேன்னா வரலேன்னு சொல்லிட்டுப் போ. புஸ்தகத்த ஏன் தலைகீழாக்கறே?" பிள்ளைகள் சிரித்தார்கள். முதலில் சிரித்தவன் அரவிந்த், கோந்து வண்டின் சொந்தக்காரன். நந்தினி நின்றுகொண்டே இருந்தாள், உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. சின்னப்பிள்ளை அதிகாரியை எதிர்த்துப் பேசிவிட்டதாம். அம்மாதான் முதலில் பேசினாள். "பிள்ளை சொன்னதுல என்ன தப்பு? எந்தப் பக்கம்னு தெறந்து பாத்தா தெரிஞ்சுட்டுப் போவுது," என்றாள். அப்பா செய்தித்தாளை இறக்கவில்லை. "புஸ்தகம் எந்தப் பக்கம் தொறந்தா நமக்கென்ன. அவுக எனக்கு மேல இருக்காவ. வாற ஞாயித்துக்கெழம போயி மன்னிச்சிக்கிடுங்க மாமான்னு சொல்லிரு தாயீ," என்றார். அவள் சொன்னது தப்பு என்று அவர் சொல்லவில்லை. சரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தச் செய்தித்தாளைப் பிடுங்கி எறிய வேண்டும் போல் இருந்தது. அப்பாமேல் அன்று வந்த கோபம் பிற்பாடு தணிந்துவிட்டது, அதற்கு முன்னால் இருந்த மரியாதை அதே அளவுக்குத் திரும்பி வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் போய்ச் சொன்னாள். மாமா பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள். தலையைத் தடவிக்கொடுத்து, "நல்ல பொண்ணு. ஆனா இதெல்லாம் கை வர்றவாளுக்குத்தான் வரும்," என்றார். பிறகு அஷ்டமி மேஜைக்கு நான்கு பெயர்களைச் சொன்னார். நான்கும் வீட்டில் கோந்து வைத்திருந்த பெயர்கள்.

அஷ்டமி சாயங்காலம் மேஜை போடப்பட்டது. நான்கு பிள்ளைகளும் எண்ணெய் வழியத் தலை வாரி, முன்னால் வீட்டிலிருந்து கொண்டுவந்த வண்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மைக்கில் பெயர் வந்தது. மாமா கோட்டு போட்டுக்கொண்டு, அந்தப் புழுக்கத்தில், ஜப்பானியர்களின் ஒழுக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினார். வங்காளிக் கூட்டம் பொறுமையாகக் கேட்டது. பேச்சின் நடுவிலேயே ஒரு பெரியவர் குனிந்து, "ஏக்டு பானியே தேகாவ் தோ," என்று அரவிந்திடம் ஒரு காகிதத்தை நீட்டினார். கொஞ்சம் செய்து காட்டு, அவ்வளவுதான் கேட்டார். அரவிந்த் குறுக்கே மடித்தான், நெடுக்கே மடித்தான், அப்பாவைத் தேடினான். மற்ற மூவரும் காகிதத்தைத் தொடவே இல்லை. கூட்டம் எக் ரோல் கடைப் பக்கம் நகர்ந்துபோயிற்று. மாமா கடைசி வரி வரைக்கும் பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டு மேஜைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். எதிர் வீட்டு மாஷிமா எங்களைப் பார்த்துவிட்டார். இவள் செய்கிற தவளைகள் பாதி அவர் வீட்டு ஜன்னலில்தான் வரிசையாக இருந்தன. மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துவந்து, கன்னத்தைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, நீ செய்து காட்டு மா என்றார். திரும்பிப் போன கூட்டத்தில் சிலர் நின்றார்கள். நாற்காலிகூட ஒன்று காலியாகிவிட்டிருந்தது. அவள் கேட்ட நாற்காலி.

நந்தினி இரண்டு கையையும் பாவாடைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். "ஆமி பாரி நா," என்றாள். எனக்கு வராது.

மாஷிமா இன்னொரு முறை கேட்டார், அவள் இன்னொரு முறை அதையே சொன்னாள். அப்புறம் அவள் எதையும் மடிக்கவில்லை. நானும் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டேன். மழை வந்தது, தண்ணீர் கட்டியது, ஜன்னலில் நின்று பார்த்தாள், அவ்வளவுதான். ஒரு பிள்ளையிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிப் போடுவதற்கு இவ்வளவு குறைந்த அறிவு போதும் என்பதை நான் மாமா வீட்டு வரவேற்பறையில் கற்றுக்கொண்டேன். அவர்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அப்பாவுக்கு மாற்றல் வந்து நாங்கள் தெற்கே வந்துவிட்டோம். சில வருஷம் முன்பு ஒரு வேலையாகக் கல்கத்தா போனபோது டாலிகஞ்சுக்கும் போய்ப் பார்த்தேன். எங்கள் பிளாக்கை இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. மாஷிமா வீட்டு ஜன்னல் இருந்த உயரத்தில் வெறும் ஆகாயம். அந்தத் தமிழ்க் குடும்பங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை, அவர்கள் இருந்ததாகச் சொல்லவும் ஆளில்லை. காகித மடிப்பு மட்டும் எங்கும் போய்விடவில்லை. செல்போனில் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். என் அக்கம்பக்கத்துப் பெற்றோர்கள் முதலில் எதைத் தொடுகிறார்கள் என்று பார்த்தேன். சொல்ல வேண்டியதில்லை.

போன வருஷம் சென்னையில் ஒரு கல்யாணத்தில் கல்யாணி மாமியைப் பார்த்தேன். மாமா போய்ச் சில வருஷம் ஆயிற்று. சாப்பாடு முடிந்து பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு முதலில் நந்தினியைத்தான் விசாரித்தாள். பூனாவில் வங்கி வேலையில் இருக்கிறாள், ஒரு பெண் இருக்கிறது என்றேன்.

"அவருக்குத் தெரியும்டி," என்றாள் மாமி. "உன் தங்கை எழுந்து நின்னு சொன்னாளே, அன்னிக்கு மத்யானமே தெரியும். எல்லாரும் போனப்புறம் அந்தப் பக்கத்துலேர்ந்து தொறந்து வெச்சுண்டு, அந்தக் கப்பைப் பண்ணினார். ஒரே தடவையில வந்துடுத்து. சமையல் உள்ளுக்கு எடுத்துண்டு வந்து எங்கிட்டக் காட்டினார், சின்னக் குழந்தை மாதிரி அவ்வளவு சந்தோஷம் அவருக்கு."

நந்தினி மன்னிப்புக் கேட்டது அதற்கடுத்த ஞாயிறு. பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவர் அதை இரண்டு முறை வாங்கிக்கொண்டார். மாமி அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

அன்று இரவே பூனாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் நந்தினியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அல்லது விடுக்கா என்பாள். அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது, அவள் பெண் எதற்கோ கூப்பிட்டது கேட்டது.

"அந்தக் கப்புல தண்ணி ஊத்திப் பாத்தாராமா?" என்றாள்.

கேட்கவில்லையே என்றேன்.

"நின்னிருக்காது," என்று சொல்லிவிட்டு, குழந்தை கூப்பிடுகிறது என்று போனை வைத்தாள்.